அவள் ஆள் ஜெயித்த ஞாயிறு

என் மனைவியிடம் நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள். "உன் ஆள் ஜெயிச்சுட்டார்." ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் அவள் இல்லை. ஒன்றரை வருஷமாக அந்த மூன்று சொற்களும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கின்றன.

ஆள் என்றதும் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். கார்ப் பந்தயத்தில் ஓட்டுகிறவரைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் உண்டு: என் ஆள், அவள் ஆள். இரண்டு பேரும் உலக சாம்பியன்கள். இரண்டு பேருக்கும் கிழக்குத் தாம்பரம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனாலும் பல வருஷமாக ஞாயிறு மாலைகளில் அவர்களுக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். ஒருமுறை அவள் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "இன்னிக்கு உங்க ஆளையே வந்து சுட்டுப் போடச் சொல்லுங்க" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு தப்பினால் ஒதுக்கி வைக்க வேண்டும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் எனக்குப் பொறுக்காது. கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அதை மரியாதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் ஆளும் அப்படிப்பட்டவர். ஒவ்வொரு சுற்றும் அளந்து வைத்த மாதிரி ஓட்டுவார். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதே கோடு, அதே திருப்பம். ஜெயித்தால் மைக்கை நீட்டுகிறவரிடம் நாலு வார்த்தை, தோற்றால் மூன்று வார்த்தை. நான் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவர் ஜெயித்த அளவுக்கு வேறு யாரும் ஜெயிக்கவில்லை. புள்ளிவிவரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

அவள் ஆள் வேறு மாதிரி. நன்றாக ஓட்டிக்கொண்டே இருப்பார், திடீரென்று முட்டாள்தனமாக எங்காவது போய் இடிப்பார். ஜெயித்தால் அழுவார். தோற்றாலும் முதலில் தன் மெக்கானிக்குகளிடம் போய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். சாம்பியன் பட்டம் என் ஆளைவிடக் குறைவு. ஆனால் அவர் கார் கடந்து போகும்போது மைதானமே எழுந்து நிற்கும். என் ஆள் முதலாவதாக வரும்போது கைதட்டுவார்கள், உட்கார்ந்தபடி.

இது எனக்குப் புரியவே இல்லை. ஜெயிக்கிறவனுக்கு உட்கார்ந்த கைதட்டல், மூன்றாவதாக வருகிறவனுக்கு எழுந்து நின்று கும்மாளமா? இது என்ன நியாயம் என்று தொழிற்சாலையில் ஒருநாள் கேட்டேன். அங்கே லேத் ஓட்டுகிறவர் ஒருவர் அவள் ஆளின் பக்தர். வண்டியில்கூட அவர் ஹெல்மெட் படத்தை ஒட்டி வைத்திருப்பார்.

"சார், உங்காளு ஜெயிக்கிறாரு, இல்லேங்கல. ஆனா பாத்துகினு இருந்தா மெசினு ஓடுற மாரி கீது சார்" என்றார். "கையெடுத்துக் கும்பிடலாம் உங்காள. தோள்ல கைபோட முடியாது."

"தோளில் கைபோடவா ரேஸ் ஓட்டுறாங்க?" என்று எரிந்து விழுந்தேன். அன்றைக்கு அவர் கடைந்த ஷாஃப்டுகளில் நாலை ஒதுக்கினேன். நாலும் அளவு தப்பியவைதான், சத்தியமாக. ஆனால் ஒதுக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அவர் சொன்னது உங்க ஆளைப் பத்தி மட்டும்னு நினைச்சீங்களா?" என்றாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அவள் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு காலையில் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை, மாலையில் பாடகர் குழு. நான் காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து என் கடமையை முடித்துக்கொள்வேன். பெரும்பாலான பந்தயங்கள் நம் நேரத்துக்கு ஞாயிறு மாலை ஆறரைக்குத்தான் வரும். அவள் மாலை ஆராதனைக்குப் போயிருப்பாள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டாயிற்று. டிவி பெட்டி பந்தயத்தைத் தானாகப் பதிவு செய்துகொள்ளும். நான் நேரடியாகப் பார்த்துவிடுவேன். அவள் வந்து பதிவைப் பார்க்கும்வரை முடிவைச் சொல்லக் கூடாது. சொல்வது மட்டுமல்ல, காட்டிக்கொள்ளவும் கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி, அதே பந்தயத்தை நான் மறுபடி முழுதாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. பதிவு முடிந்ததும், யாருடைய ஆள் தோற்றாரோ அவர் காபி போட வேண்டும். டம்ளரை நீட்டும்போது, "உன் ஆள் ஜெயிச்சுட்டார்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் வரக் கூடாது. இது அவள் போட்ட சட்டம், எனக்காகவே போட்டது. ஏனென்றால் என் வாயில் அது எப்போதும் வாலோடுதான் வரும்.

"உன் ஆள் ஜெயிச்சுட்டார், டயர் புதுசு."

"வால் இருக்கு. காபி வேண்டாம்."

"உன் ஆள் ஜெயிச்சுட்டார், என் ஆளுக்கு எஞ்சின் மக்கர் பண்ணிச்சு."

"வாலை வெட்டிட்டு வாங்க."

நான் டம்ளரோடு நிற்பேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காபியில் ஆடை படியும். அவளுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய், வெறும் கசப்புதான். அதனால் ஒருவர் காபியை மற்றவர் குடித்துவிடவும் முடியாது. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். கடைசியில் அவள், "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பாள். நான் தரையைப் பார்த்து வால் இல்லாமல் முனகுவேன். அவள் டம்ளரை வாங்கிக்கொள்வாள். அவள் முறை வரும்போது ஒரு தயக்கமும் இருக்காது. "உங்க ஆள் ஜெயிச்சுட்டார்" என்று என் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு டம்ளரை நீட்டுவாள். எனக்கு அப்போது ஒரே வெட்கமாக இருக்கும்.

பதிவு பார்க்க எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணும் எங்களோடு வந்து உட்காருவாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் தெற்கே எங்கேயோ. அவளும் என் மனைவி ஆளின் கட்சி. சில சமயம் லேத்காரரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பட்டாணிச் சுண்டல், கூச்சல், கேலி என்று வீடு நிறைந்திருக்கும். இவர்களெல்லாம் பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய அசட்டுத்தனம் உண்டா?

ஒருமுறை நானும் அவளும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பந்தயப் பாதைக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனோம். அங்கேயும் உள்ளூர்ச் சாம்பியன்கள் இரண்டு பேர், அங்கேயும் இரண்டு கட்சி. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது சுற்றில் ஒருவர் திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எங்களுக்குப் பின்னால் இருந்த எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் விசிலடித்துக் கைதட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உடம்பு. என் மனைவி திரும்பினாள்.

"எழுந்து நில்லு" என்றாள்.

பள்ளிக்கூடக் குரல். அந்த ஆள் என்ன ஏது என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"விழுந்தவன் எழுந்திரிக்கிற வரைக்கும் நீயும் நின்னுகிட்டுத்தான் இருக்கணும்."

விழுந்தவர் மெல்ல எழுந்து கையை அசைத்தார். நின்றவரும் கையைத் தட்டினார், இந்தத் தடவை ஒழுங்காக. பிறகு, "சாரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டீச்சர் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பந்தயம் முடிந்ததும் எங்கள் இருவருக்கும் மோர் வாங்கி வந்து கொடுத்தார். விழுந்தவர் எனக்கும் எதிர்க்கட்சிதான். அவர் சறுக்கியபோது என் இரண்டு கைகளும் ஒரு சாண் உயர்ந்து மடிக்குத் திரும்பியிருந்தன. அவள் அதைப் பார்த்திருப்பாள். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை படியேற முடியாமல் நின்றுவிட்டாள். ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சனிக்கிழமை தேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

அன்றைக்கும் பந்தயம் இருந்தது. "நீங்க போய் வெளியே பாருங்க. இங்க பாத்தா உங்க மூஞ்சியிலேயே எனக்கு எல்லாம் தெரிஞ்சுடும்" என்று என்னை விரட்டினாள். "வீட்டுப் பெட்டி பதிவு பண்ணுதுல்ல? நான் புதன்கிழமை பாத்துக்கறேன்."

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். கடைசிச் சுற்றுவரை என் ஆள்தான் முன்னால். அவள் ஆள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின திருப்பத்தில் என் ஆள் பிரேக்கை ஒரு நொடி தாமதமாகப் பிடித்துவிட்டார். கார் கோட்டை விட்டு வெளியே போனது. என் ஆள், அளவு தப்பாத என் ஆள்! அவள் ஆள் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டார். கொடி விழுந்த நொடியிலேயே செல்போனை அணைத்து சட்டைப்பையில் போட்டேன். மேற்கொண்டு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. கோபத்தில் படிக்கட்டு ஏறி இறங்கி ஒரு நடை நடந்தேன். எதிரே வந்த வார்டுபாய் ஒதுங்கி வழிவிட்டார்.

அறைக்குள் போனபோது அவள் தலையணையில் சாய்ந்து எனக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"முடிஞ்சுதா?"

"ம்."

"யாரு?"

"வீட்டுக்கு வந்து பாரு."

"பரவால்ல, சொல்லுங்க. இன்னிக்கு ஒரு நாள் சட்டம் கிடையாது."

"சட்டம்னா சட்டம்தான்."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

நான் கல்லுளிமங்கன் மாதிரி ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி விடுங்க, புதன்கிழமை காபியோட சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

மறுநாள் காலை நான் கீழே கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே கூப்பிட்டார்கள். படியேறும்போதே தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு மற்றவர்களிடம் சொல்ல என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. எங்கள் வீட்டுச் சட்டம் அது. அவள் புதன்கிழமை வந்துவிடுவாள் என்று நம்பினேன், அந்த நம்பிக்கையை நானே உடைக்க விரும்பவில்லை. இரண்டும் பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பொறாமை. என் ஆள் தப்புச் செய்து தோற்றதை என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவுதான். ஒரு கார்ப் பந்தயத்துக்காக.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் படித்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து ஆறேழு பேர், பாடகர் குழு முழுவதும். கல்லறைத் தோட்டத்தின் வாசல் தாண்டி ரோடுவரை நின்றார்கள். லேத்காரர் என்னைவிட அதிகமாக அழுதார். எல்லோரும் வரிசையில் வந்து என் கையைப் பிடித்து "சார்" என்றார்கள். ஒருவரும் என் தோளில் கைபோடவில்லை. கும்பிடலாம், தோளில் கைபோட முடியாது. அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. முதல் ஞாயிறு சுண்டலுக்குப் பட்டாணி ஊறவைத்தேன். ஒரு கிண்ணம் நான் சாப்பிட்டேன், மிச்சம் புளித்தது. லேத்காரர் தொழிற்சாலையில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார், பந்தயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாடிப் பெண் படியில் எதிர்ப்பட்டால் "அங்கிள்" என்று தலையை ஆட்டிவிட்டுச் செல்போனைப் பார்த்தபடி இறங்கிவிடுவாள். வாடகையைக்கூட நேரில் தராமல் போனிலேயே அனுப்பிவிடத் தொடங்கினாள். அவர்கள் வந்தது என் மனைவிக்காக என்பது இதைவிடத் தெளிவாக வேண்டுமா? நான் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பல சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயும் போக அல்ல, மனிதச் சத்தத்துக்காக.

இன்டர்நெட்டில் பந்தய ரசிகர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். அது இன்னும் மோசம். என் ஆளின் ரசிகர்கள் அவள் ஆளைக் கோமாளி என்றார்கள். அவள் ஆளின் ரசிகர்கள் என் ஆளின் அம்மாவை இழுத்தார்கள். பட்டங்கள், வெற்றிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இருவருக்கும் மரியாதை கொடுத்துப் பேசலாமே என்று நீளமாக எழுதினேன். "அங்கிள், மாத்திரை போட்டாச்சா?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டேன்.

அந்த வருஷ முடிவில் அவள் ஆள் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அவருடைய கடைசிப் பந்தயத்தைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஹோட்டலில் பெரிய திரையில் போட்டார்கள். தனியாகப் போனேன். எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு. ஒரு ஓரத்து மேஜையில் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் ஆள் ஜெயித்தார். நானும் இன்னும் மூன்று பேரும் கைதட்டினோம், உட்கார்ந்தபடி. அவள் ஆள் மூன்றாவதாக வந்தார். மொத்த ஹோட்டலும் எழுந்து நின்றது. பரிமாறுகிறவர்கூடத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

நானும் எழுந்திருக்க நினைத்தேன். அவள் இருந்தால் "எழுந்து நில்லு" என்றிருப்பாள். ஆனால் நான் எழுந்து அவருக்குக் கைதட்டினால் அவளிடம் சொல்லாததை ஊராரிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்து மேஜைப் பையன் ஒருவன், "இவரு எதிர்க்கட்சி போல" என்று நண்பனிடம் சொன்னது காதில் விழுந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு டிவி பெட்டியில் அப்படியே இருக்கிறது. இடம் போதவில்லை என்று பெட்டி எச்சரிக்கும்போதெல்லாம் மற்றதை அழிப்பேன், அதைத் தொடமாட்டேன். பார்க்கவும் மாட்டேன். அவள் இன்னும் பார்க்கவில்லையே, அவளுக்கு முன்னால் நான் எப்படி இரண்டாம் தடவை பார்ப்பது?

போன மாதம் மாடிப் பெண் வீட்டைக் காலி செய்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெங்களூருக்குப் போகிறாள். சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நிற்க, சாவியைக் கொடுக்கக் கீழே வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, நல்லா இரும்மா என்று சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"அங்கிள், உங்ககிட்ட ஒரு சாரி சொல்லணும். இவ்ளோ நாளா மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துச்சு."

"என்னம்மா?"

"அந்த சண்டே... நான் ரூல பிரேக் பண்ணிட்டேன் அங்கிள். ரேஸ் முடிஞ்ச உடனே தாங்க முடியாம ஆன்ட்டிக்குப் போன் பண்ணி, நம்மாளு ஜெயிச்சுட்டாருன்னு கத்திட்டேன்."

சாத்தப் போன கதவை நன்றாகத் திறந்தேன்.

"ஆன்ட்டி ஒரே சிரிப்பு. அப்புறம், 'அடியே, போனை வை, அவர் வர்றார். தெரியாத மாதிரியே இருக்கப் போறேன், அவர் வாயால சொல்றதக் கேக்கணும்'னாங்க. உடனே கட் பண்ணிட்டாங்க. அதுதான் நான் ஆன்ட்டிகிட்ட கடைசியாப் பேசினது." அவள் கண் கலங்கியது. "நீங்க அவங்களுக்குச் சொல்லப் போற ஒரே சந்தோஷத்த நான் முந்திகிட்டுக் கெடுத்துட்டேன்னு தோணிட்டே இருந்துச்சு. அதனாலதான் கீழ வரவே இல்ல. உங்க முன்னாடி உக்காந்து ரேஸ் பாக்க முடியாது அங்கிள் என்னால."

தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"நீங்க சொன்னப்ப ஆன்ட்டி நல்லா நடிச்சாங்களா அங்கிள்? கண்டுபிடிச்சுட்டீங்களா?"

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதுக் கல்யாணத்துக்குப் போகிற பெண் தலையில் அதை எதற்கு ஏற்றுவது?

"நல்லா நடிச்சா. எனக்குத் தெரியவே இல்ல" என்றேன்.

அதுவரை வாசலில் நின்றவள் சட்டென்று உள்ளே வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி கேம்ப் ரோடு பக்கம் திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் தெரியாதவன் மாதிரி நான் நடித்தேன். என் மனைவி ஒரே ஒரு தடவை நடித்தாள், என்னைத் தோற்கடித்துவிட்டாள். யாரு என்று அவள் கேட்டது யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொள்ள அல்ல. அது அவளுக்குத் தெரியும். என் வாயிலிருந்து அது வருமா என்று பார்க்கக் கேட்டிருக்கிறாள். சட்டத்தைக்கூட எனக்காக ரத்து செய்துகொடுத்தாள். மூன்று தடவை கதவைத் திறந்து வைத்தாள். நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. தன் ஆள் ஜெயித்த சந்தோஷத்தோடுதான் போனாள். ஆனால் நான் கொடுத்து அல்ல.

அன்று சாயங்காலம் அந்தப் பதிவைப் போட்டேன். முழுதாகப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின திருப்பம் வந்தது, என் ஆள் வெளியே போனார், கொடி விழுந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நான் அணைத்த இடம் அதுதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்ததே இல்லை.

அவள் ஆள் காரை விட்டு இறங்கியதும் மெக்கானிக்குகள் மொய்த்துக்கொண்டார்கள். என் ஆள் தன் காரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு வெளியே போய் நின்றார். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி பொறுமையாக நின்றார். கடைசி மெக்கானிக் விலகியபின் உள்ளே போய், அவள் ஆளின் தோளில் கைபோட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். மைக்கை நீட்டியவர் என்ன ஆயிற்று என்று என் ஆளிடம் கேட்டார். "என்னைவிட அவர் நன்றாக ஓட்டினார்" என்றார் என் ஆள். பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, டயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. என் ஆளுக்காக அவர்கள் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இத்தனை வருஷம் அவர் பின்னால் போனவன் நான். அவர் ஜெயித்ததை எல்லாம் பாடம் பண்ணினேன். தோற்றதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

டிவியை அணைத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். டிகாக்ஷன் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் டம்ளரை அலமாரியின் உள்பக்கத்திலிருந்து எடுத்துத் தூசியைக் கழுவினேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றினேன். கூடத்துக்குக் கொண்டுவந்து, அவள் உட்காரும் இடத்துக்கு முன்னால் நின்றேன்.

"உன் ஆள் ஜெயிச்சுட்டார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வால் வரவில்லை.

கொஞ்ச நேரம் டம்ளரை நீட்டியபடியே நின்றிருந்தேன். காபியில் ஆடை படிந்தது. பிறகு உட்கார்ந்து, எனக்கு ஆகாத அந்தச் சர்க்கரைக் காபியைக் கடைசி வரை நானே குடித்தேன்.